120 கிரெடிட்டோட வந்த பேராண்டிக்கு

இங்கிலாந்துல ஒரு வருசம் படிச்சு 120 கிரெடிட் சேத்துக்கிட்டு வந்திருக்கேன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா ராசா? உங்கப்பன் கட்டுக்கலை பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்ச அன்னைக்கே கலஹா பஸ் பூரா இதே பேச்சு. "பேராதனை கெம்பஸ்ல நாலு வருசம் குந்தியிருந்தாலே 120தானாம், எம்மவன் ஒரே வருசத்துல முடிச்சிட்டான்"னு கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டு, மிச்சக் காசக்கூட வாங்காம எறங்கிப் போனாராம் மனுசன்.

அவரு சொன்ன எண்ணுல பொய்யில்ல. இலங்கையில நாலு வருச ஆனர்ஸ் பட்டத்துக்கு 120தான். அமெரிக்காவுலயும் முழுப் பட்டத்துக்கு அந்தக் கணக்குதான். நீ போன நாட்டுலயோ ஒரு வருசத்துக்கே 120 போடுறான். மூணு வருசம் முடிச்சா 360. ஐரோப்பாக்காரன் வருசத்துக்கு 60 குடுக்குறான். நம்ம ஆளுங்க 2012ல தகைமைச் சட்டகம்னு ஒண்ணு கொண்டாந்து, வருசத்துக்கு 30ன்னு கட்டி வெச்சிருக்காங்க. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுல எறங்கின ஒடனே உன் 120 வத்தி முப்பதாயிருச்சு ராசா. கஸ்டம்ஸ்காரன் தொடக்கூட இல்ல.

முகத்த அப்பிடி வெச்சுக்காத. ப்ளேன்டீயக் குடி.

நான் பழைய தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ள. கொழுந்து மடுவத்துல தராசு புடிச்ச கை இது. மலையில பறிக்கிறப்ப எல்லாக் கூடையும் கனமாத்தான் இருக்கும். மடுவத்துக்கு வந்தாத்தான் கூடைக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, முத்தல் எலைக்குக் கழிவு. கழிச்சது போக நோட்டுல ஏறுறதுதான் உன் கொழுந்து; கொறைஞ்சா அரைப்பேரு, பாதி நாள் கூலிதான். கெம்பஸ்லயும் அதே மடுவந்தான், தராசு புடிக்கிறவரு மட்டும் டை கட்டியிருப்பாரு.

எப்பிடின்னு சொல்றேன், விரல் விட்டு எண்ணு. இங்கிலாந்துல ஒரு கிரெடிட்டுன்னா 10 மணித்தியாலப் படிப்பு. வகுப்பு, வீட்டுல படிக்கிறது, பரீட்சை எல்லாஞ் சேத்துத்தான். அப்ப உன் 120க்கு 1200 மணித்தியாலம். இங்க ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம். வருசத்து 30க்கு 1500. வருசத்துக்கு வருசம் பாத்தா உனக்கு 30 வரணும். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பாத்தா 24தான் வரும். அந்த ஆறு எங்க போச்சுன்னு பீடாதிபதிகிட்டச் சண்டைக்குப் போகாத. தராசு அவருடையது. நான் புடிச்ச காலத்துலயும் எவனும் என்கிட்டக் கேட்டதில்ல.

அதுவும் நிறுக்குற வரைக்கும் வந்தாத்தான். அதுக்கு முன்னாடி எலையக் கிண்டிப் பாப்பாங்க. "இந்தப் பாடத்துல என்ன படிச்ச, எந்தப் புத்தகம், செய்முறை எத்தன, பரீட்சை எப்பிடி?" நம்ம பாடத்திட்டத்தோட ஒத்துப் போகுதான்னு பாடம் பாடமாப் பாப்பாங்க. அங்க 20 கிரெடிட்டுக்கு ஒரு பாடம் எடுத்தியே, கட்டுரை எழுதுறது எப்பிடி, நேரத்தக் கையாளுறது எப்பிடின்னு? அத இங்க எந்தப் பாடத்துக்குப் பக்கத்துல வெப்பாங்கன்னு எனக்கும் பாக்க ஆச. அப்பிடியே ஏத்துக்கிட்டாலும் கிரெடிட்டு வரும், மார்க்கு அநேகமா கூட வராது. அங்க வாங்கின எழுவத்தெட்ட எழுவத்தெட்டுன்னு சொல்லிக்க இனி உங்கம்மாதான் மிச்சம்.

சரி, பேராதனை ரெண்டாம் வருசத்துல போய் உக்காரணும்ங்கிறியே, அந்த ஆசைக்கு வருவோம். அங்க உள்ளுக்குப் போற பெரிய கதவு ஒண்ணுதான். ஏ.எல். பரீட்சை, இசட் புள்ளி, கொழும்பு வார்ட் பிளேஸ்ல இருக்குற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. நூத்துக்கு 40 எடம் நாடு முழுக்கத் தெறமைக்கு, 55 மாவட்டத்துக்கு மாவட்டம், மிச்சம் 5 பின்தங்கின மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியல்ல இருக்கு, கண்டி இல்ல. உங்க தாத்தன் நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையிலேருந்து இங்க கண்டிக்கு வீடு மாறினப்பவே நான் சொன்னேன், கேக்கல. இந்தக் கதவுல உனக்குப் புள்ளி பத்தாமத்தானே ஏரோப்ளேன் ஏறின? இப்ப ஏரோப்ளேன் ரசீதக் காட்டி ரெண்டாம் வருசத்து ஜன்னல் எங்கன்னு கேட்டா, அவங்க ஜன்னலே வெக்கலையே ராசா.

இதுல ஒரு வேடிக்க இருக்கு. 1942ல கொழும்புல தொடங்கின இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ல பேராதனைக்கு வந்து வகுப்பு நடத்த ஆரம்பிச்சிருச்சு. 1954ல எலிசபெத் மகாராணியோட வீட்டுக்காரரு, எடின்பரோ கோமகன், அதத் தெறந்து வெக்க வந்தாரு. தெறந்து கெடக்குற கதவ மறுபடி எப்பிடித் தெறக்குறது? வழக்கத்தவிடக் கூடுதலாத் தெறந்திருக்குன்னு அறிவிச்சு, அதக் கல்லுலயும் வெட்டி வெச்சாங்க. போய்ப் பாத்துட்டு வா. போட்டோ எடு. அந்தக் கல்லக் காட்டி மட்டும் எடம் கேட்றாத.

இங்கிலாந்துப் படிப்பையே இப்பிடி நிறுக்குறாங்களேன்னு உனக்குக் கோவம் வரலாம். 1921ல கொழும்புல யூனிவர்சிட்டி காலேஜ்னு ஒண்ணு தொடங்கினப்ப, அதுக்குப் பட்டம் குடுக்குற அதிகாரமே இல்ல. இங்க குந்திப் படிச்சு லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதி, லண்டன் பட்டத்தத்தான் வாங்கினாங்க. இருவது வருசத்துக்கு மேல லண்டன்காரன் தராசுலதான் நம்ம புள்ளைங்கள நிறுத்தாங்க. இப்பத்தான் தராசு நம்ம கைக்கு வந்திருக்கு. கொஞ்சம் அழுத்திப் புடிக்கத்தான் செய்வாங்க.

நம்ம மலையகச் சனத்துக்கு மாத்துற கணக்கு புதுசா என்ன? 1964ல நம்ம பிரதமர் சிறிமா அம்மாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரி ஐயாவும் டெல்லியில உக்காந்து மனுசனையே எழுதி மாத்தினாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரப் பொறவு பாத்துக்கலாம்னு. பத்து வருசங் கழிச்சு அந்த மிச்சத்தையும் பாதி பாதியாப் பிரிச்சாங்க. இந்த மலையில பாதி லயம் அப்பிடிக் காலியானதுதான். எவன் பாடத்திட்டத்தையும் யாரும் கேக்கல. பேரு, வயசு, கைநாட்டு, தலைமன்னார் கப்பல். மனுசன அவ்வளவு லேசா மாத்தினவங்க, 20 கிரெடிட்டுப் புள்ளிவிவரப் பாடத்த மாத்த மூணு கமிட்டி போடுறாங்க. சிரிக்காத, உண்மையத்தான் சொல்றேன்.

83 கலவரத்துக்குப் பொறவு தமிழ்நாட்டு அகதி முகாம்கள்ல வளந்து, அங்கயே பி.ஏ., பி.எஸ்ஸி.ன்னு முடிச்சுத் திரும்பின புள்ளைங்களும் இருக்காங்க. அவங்க உன்ன மாதிரி ஆசைக்குப் போனவங்க இல்ல. கையில முழுப் பட்டம் இருந்தும், அவங்க படிச்ச பல்கலைக்கழகம் ஏத்துக்கிட்ட பட்டியல்ல இருக்குதுன்னு வார்ட் பிளேஸ்லேருந்து ஒரு கடுதாசி வந்தாத்தான் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட முடியும். அவங்க கதையில நான் நையாண்டி பண்ண மாட்டேன்.

ஆனா உன்கிட்டப் பண்ணுவேன். அந்தக் கடுதாசியும் உன் கேசுக்கு உதவாது, தெரியுமா? அது முழுப் பட்டத்துக்கு. பல்கலைக்கழகம் அங்கீகாரம் உள்ளதுன்னு சொல்லும், அவ்வளவுதான். உன் அரைகொறப் பாடத்த எந்தப் பீடம் எடுக்கும், எத்தன எடுக்கும்னு அந்தப் பீடமும் செனட்டுந்தான் சொல்லணும். டவுன்ல போர்டு போட்டிருக்குற ஏஜென்சிக்காரன் "எல்லா நாட்டுலயும் செல்லும்"னு சொன்னான்ல? செல்லும் தம்பி. எத்தனையாச் செல்லும்னு அவன் சொல்லல, நீயும் கேக்கல. டாக்டருக்குப் படிக்கப் போன உன் கூட்டாளியக் கேளு. முழுப் பட்டத்தோட வந்தும், இலங்கை மருத்துவ சபைக்காக இன்னொரு பரீட்சை எழுதிக்கிட்டிருக்கான். உனக்கு ஒரு வருசந்தான் நட்டம், அவனோட ஒப்பிட்டா நீ ராசாதான்.

ஐரோப்பாவுல எராஸ்மஸ்னு 1987ல ஒரு திட்டம் தொடங்கினாங்க. ஒரு நாட்டுப் புள்ளை இன்னொரு நாட்டுல கொஞ்ச நாள் படிச்சுட்டு வரும். போறதுக்கு முன்னாடியே, என்ன பாடம் படிக்கப் போற, திரும்பி வந்தா இங்க எதுக்கு எத்தன போடுவோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் புள்ளைய ரயில்ல ஏத்துறான். நம்ம ஊர்ல தேங்கா ஒடைச்சு, மால போட்டு, வேன் புடிச்சு முப்பது பேரு ஏர்போர்ட் வரைக்கும் வந்து அழுதோம். எங்கள்ல ஒருத்தனுக்குக்கூடக் கையெழுத்து ஞாபகம் வரல.

இப்ப என்ன செய்யிற? பொல்கொல்லைக்குப் போ. திறந்த பல்கலைக்கழகத்தோட கண்டி நிலையம் அங்கதான். முன்னாடி படிச்சதக் காட்டி எக்செம்ஷன் கேக்க அங்க வழி உண்டு. கேக்குறதுக்கு மரியாதையான எடம். மார்க் சீட்ட மட்டும் கொண்டு போயிறாத. அங்க நீ படிச்ச ஒவ்வொரு பாடத்தோட விவரக் குறிப்பையும், எத்தன மணித்தியாலம், எந்தப் புத்தகம், எப்பிடிப் பரீட்சைன்னு அந்தப் பல்கலைக்கழகமே போட்ட தாளா எடுத்துக்கோ. பெறுபேற்று அட்டவணைய அவங்களே நேரா அனுப்பச் சொல்லி இன்னைக்கு ராத்திரியே ஒரு ஈமெயில் போடு. அங்க பாக்கி வெச்ச விடுதிக் காசு இருந்தா மொதல்ல அதக் கட்டு; பாக்கி இருந்தா ஒரு தாளும் வராமப் போகலாம். பாக்கி இருக்கா? ம்ம்... இருக்குன்னு உன் மொகமே சொல்லுது.

இன்னொண்ணு. "எனக்கு 120 இருக்கு"ன்னு ஆரம்பிக்காத. "ஒரு வருசம் படிச்சிருக்கேன் மிஸ், இதுல எத எடுப்பீங்க?"ன்னு கேளு. பாதிதான் எடுப்போம்னா, தலைய ஆட்டிட்டு எந்தப் பாதின்னு எழுத்துல வாங்கிக்கோ. உங்கப்பன மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிறாத. அவரு கவுண்டர்ல நின்னு, எம்மவன் ஏற்கெனவே முழு டிகிரியையும் முடிச்சிட்டான், சான்றிதழ மட்டும் குடுங்கன்னு கேட்டுருவாரு.