ஆமூர் மல்லனும் ஆம்பூர் வாத்தியாரும்

பாடம் நடத்திய முதல் நாளே, "அப்பர் யார், தெரியுமா?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எங்கம்மா கம்பெனில தைக்கிறாங்களே, அதானே சார்?" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஆம்பூரில் அது சரியான விடை. ஷூவின் மேல்பாகத்துக்கு இங்கே அப்பர் என்றுதான் பெயர். திருநாவுக்கரசருக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதை நான்தான் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியிருந்தது.

நான் தமிழுக்கு வந்ததும் நேர் வழியில் அல்ல. விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் கிடைத்தது. எந்தத் துறையில் இடம் மீந்திருந்ததோ அது தமிழாக இருந்தது. கபடி, ஹாக்கி, பூப்பந்து, ஈட்டி, நீளம் தாண்டுதல் என்று ஐந்திலும் என் பெயர் இருந்தது. திறமை என்று நினைத்துவிடாதீர்கள், ஆள் பற்றாக்குறை. பயிற்சியெல்லாம் பாலாற்று மணலில். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் நீச்சல் ஒன்று மட்டும் தப்பியது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

என் சாதனைகளில் ஒன்றை மட்டும் யாராலும் முறியடிக்க முடியாது. நான் நீளம் தாண்டிய மைதானம் அன்றைக்கு வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மைதானம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஓடாமல், குதிக்காமல் ஒரு மாவட்டத்தையே தாண்டியவன் நான்.

ஆசிரியர் அறையில் இதெல்லாம் எடுபடாது. "பக்கத்துச் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் பளு தூக்கி காமன்வெல்த் தங்கம் வாங்கினார். நீங்கள் என்ன தூக்கினீர்கள்?" என்பார் ஒரு நண்பர். தொல்காப்பிய உரைகளை ஒன்றாகக் கட்டித் தூக்கிப் பார்த்தால் தெரியும் என்பேன்.

இன்னும் சீண்டினால் தேவதரைத் துணைக்கு அழைப்பேன். புனேயில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த டி. பி. தேவதர், 1926இல் இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணிக்கு எதிராக 148 ரன் அடித்தவர். மகாராஷ்டிர அணிக்குத் தலைமை தாங்கி 1939-40, 1940-41 என்று அடுத்தடுத்து இரண்டு ரஞ்சிக் கோப்பைகளை வென்றபோது அவருக்கு வயது 48, 49. இலக்கணமும் ஆட்டமும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பவர்களுக்குச் சொல்கிறேன்: மனிதர் 101 வயது வரை இருந்தார். பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த சாமுவேல் பெக்கெட்டும் டப்ளின் பல்கலைக்கழகத்துக்காக முதல்தர கிரிக்கெட் ஆடியவர்தான். கடைசிவரை வராத ஒருவருக்காக இரண்டு பேர் காத்திருக்கும் நாடகத்தை எழுதினார். என்னைப் போல் மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அந்த நாடகம் விளக்கம் இல்லாமலே புரியும்.

புறநானூறும் அப்படித்தான் எனக்குப் புரிந்தது. 80 முதல் 85 வரையிலான பாட்டுகள் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியவை. அவன் ஆமூர் மல்லனோடு மோதுகிறான். "சார், அது நம்ம ஆம்பூரா?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். இல்லை, முக்காவல் நாட்டு ஆமூர் என்றதும் வகுப்பே தோற்ற அணி மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். 85ஆம் பாட்டில், ஜெயித்தது அவன்தான் என்று ஒரு கூட்டமும் இல்லை என்று இன்னொரு கூட்டமும் சத்தம் போடுகின்றன. பூப்பந்து மைதானத்தில் கோட்டுக்கு அம்பயராக நின்ற எனக்கு அதற்கு உரையே தேவைப்படவில்லை.

வம்பு 80ஆம் பாட்டில் வந்தது. கிள்ளி ஒரு காலை மல்லன் மார்பில் அழுத்தி, மறு காலால் அவன் முதுகை வளைத்து மடக்கும் பிடியைப் புலவர் சாத்தந்தையார் நேரில் பார்த்தவர் போலச் சொல்கிறார். பழைய கபடிக்காரன் சும்மா இருப்பேனா? மேசையை மல்லனாக வைத்துச் செய்து காட்டினேன். மல்லனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கால் 'டக்' என்றது.

நொண்டிக்கொண்டே 82ஆம் பாட்டுக்கு வந்தேன். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை, மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் தோல் வாரால் கட்டில் பின்னுகிறவன் கையில் ஊசி எப்படிப் பறக்குமோ, அதைவிட வேகமாக இருந்ததாம் கிள்ளியின் மற்போர். மற்போருக்கு ஏன் ஊசி உவமை என்று உரைகளைப் புரட்டி அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாக் கண்களும் கடிகாரத்தில் இருந்தன.

அப்பர் பதில் சொன்ன அதே பெண் எழுந்தாள். "எங்கம்மாவும் அப்டிதான் சார். தம்பிக்குக் காய்ச்சல்னு போன் வந்த அன்னிக்கு, கம்பெனி பஸ்ஸுக்கு முன்னாடி கடைசி ஜோடிய முடிக்கணும்னு தச்சாங்களாம். பக்கத்து மிஷின் அக்கா சொன்னாங்க, ஊசியே கண்ணுக்குத் தெரியலையாம்." வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பாதிப் பேர் வீட்டில் அந்த ஊசி இருந்தது.

ஐந்து விளையாட்டு ஆடியும் எனக்குப் பிடிபடாத வேகம் அது. அன்றிலிருந்து 82ஆம் பாட்டுக்கு நான் உரை சொல்வதில்லை. கம்பெனிக்குப் போகும் ஒரு அம்மாவின் பிள்ளையை எழுப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன். முழங்காலுக்கும் அதுதான் நல்லது.