டிக்கிக்குள் ஒரு ஸ்கூட்டர்

ஹோண்டா மோட்டோகம்போ, 1981-இல் ஜப்பானில் வெளிவந்த 49 சிசி குட்டி ஸ்கூட்டர். ஹோண்டா சிட்டி காரின் டிக்கியில் அடங்கும்படி வடிவமைக்கப்பட்டது. கைப்பிடியை மடக்கி, இருக்கையை உள்ளே இறக்கினால் வண்டி பெட்டியாகிவிடும். காரை எங்கோ நிறுத்திவிட்டு, மிச்ச தூரத்தை இதில் கடப்பதே திட்டம்.

எடை சுமார் 45 கிலோ. தூக்கி ஏற்றும் பொறுப்பு உரிமையாளரின் இடுப்பைச் சேர்ந்தது. ஸ்கூட்டர் டிக்கியில் ஏறியதும் துணிப்பெட்டிகள் பின்சீட்டில் இருப்பவர்களின் மடிக்கு இடம்பெயரும். ஸ்கூட்டரில் ஒருவருக்கே இடம். ஆகவே நெரிசலைக் கடப்பவர் ஒருவர், காரில் காத்திருப்பது குடும்பம்.

உற்பத்தி 1983-இல் நின்றது. 2023-இல் மின்சார வாரிசான மோட்டோகம்பாக்டோ அமெரிக்காவில் அறிமுகமானது. எடை சுமார் 19 கிலோ. இடுப்பின் முறையீடு தொழிற்சாலையின் காதில் விழ 40 ஆண்டுகள் பிடித்தன.