பறப்பன மரபியல்

பாயிரம்

வானில் ஆளின்றிப் பறப்பனவற்றை இந்திய அரசு 2021-இல் ட்ரோன் விதிகள் என்னும் நூலால் வகுத்தது. அந்நூலார் தராசைக் கையில் பிடித்தவர். 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என ஐந்தாகப் பிரித்து அமைந்தார்.

அஃதேல், எடை அறிந்தால் போதாதோ எனின், போதாது. மோதினால் எவ்வளவு வலிக்கும் என்பதைத்தான் எடை சொல்லும்; மோதுமா என்பதைச் சொல்லாது. எனவே யாம் தராசைக் கீழே வைத்துவிட்டு, உயிர்களை அறிவால் பிரித்த தொல்காப்பியரின் வழியைக் கடன் வாங்குகிறோம். மெய், வாய், மூக்கு, கண், செவி, மனம் என்பது வரிசை. கடனைத் திருப்பித் தரும் உத்தேசம் இல்லை.

ஓரறிவின: மெய்

சுவரில் இடித்த பிறகே சுவர் இருப்பதை அறிவன. பிறந்தநாள் பரிசாக வந்து, மாலைக்குள் பக்கத்து வீட்டு மாடியில் அடைக்கலம் புகும் விளையாட்டு ட்ரோன்கள் இவ்வகை. வீட்டுக்குள் இவற்றால் கெடுவது பெரும்பாலும் மின்விசிறி மட்டுமே.

ஈரறிவின: வாய்

தன் பெயரையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே பறப்பன. இதற்கு ரிமோட் ஐடி என்று பெயர். அமெரிக்காவில் பதிவு செய்ய வேண்டிய ட்ரோன்களுக்கு இது கட்டாயம். ஓட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். குறை ஒன்று உண்டு. அது பேசுவது வைஃபையிலும் புளூடூத்திலும். கேட்பது கீழே நிற்கும் போலீஸ்காரரின் கைபேசி. மேலே வரும் விமானிக்கு ஒரு சொல்லும் எட்டாது. நடந்தபின் ஆளைப் பிடிக்க உதவும். நடக்காமல் தடுக்க உதவாது.

மூவறிவின: மூக்கு

மோப்பம் பிடித்து வீடு திரும்புவன. ஜிபிஎஸ் உடையவை அனைத்தும் இதில் அடங்கும். பேட்டரி தீரும்போது கிளம்பிய இடத்துக்குத் தானே வந்து இறங்கும் சமர்த்துகள்.

இங்கே உயரம் பற்றிய பெருஞ்சிக்கல் ஒன்றை விரித்துரைக்க வேண்டும். ஏற்காட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஒருவர் பாறை விளிம்பில் நின்று ட்ரோனை ஏற்றுகிறார் என்க. திரையில் 100 மீட்டர் என்று காட்டும். அது அவர் காலடியிலிருந்து எண்ணிய கணக்கு. அதே மட்டத்தில் வரும் ஹெலிகாப்டரின் கருவி 5,250 அடி என்று காட்டும். அது காற்றழுத்தத்தை வைத்துக் கடல் மட்டத்திலிருந்து எண்ணிய கணக்கு. இருவர் சொல்வதும் உண்மை. எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இருவரும் வெகுதூரத்தில் இருப்பதாகத் தோன்றும். இனி அந்த ட்ரோன் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தின் மேல் நேராகப் போனால், திரை அதே 100 மீட்டரைக் காட்டும். தரையோ பலநூறு மீட்டர் கீழே போயிருக்கும். சட்டம் தரையிலிருந்து எண்ணுகிறது. ஆக, ஒருவர் உயரத்தைக் கூட்டாமலே குற்றவாளி ஆகலாம். இரு சாராரும் ஒரே அளவுகோலால் உயரத்தைச் சொல்லாதவரை ஒரே வானில் பறப்பது எளிதன்று.

நாலறிவின: கண்

எதிரே மரமோ சுவரோ கண்டால் நிற்பன. தும்பிக்கும் நண்டுக்கும் தொல்காப்பியர் தந்த இடம் இது. ஆனால் இக்கண்ணின் பார்வை சில பத்து மீட்டர்தான். மெல்லிய மின்கம்பி அதற்கும் தப்பிவிடும். இறங்க வரும் ஜெட் விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது எனின், நொடிக்கு 70 மீட்டர். பார்வை 35 மீட்டர் எனின், அரை நொடி. அரை நொடியில் விலக முடியாது, வேண்டுமானால் பயப்படலாம்.

ஐயறிவின: செவி

விமானங்கள் தம் இருப்பிடத்தை ஏடிஎஸ்-பி என்னும் முறையில் அறிவித்தபடி பறக்கின்றன. அதைக் கேட்கும் செவியுள்ள ட்ரோன்கள் இப்போது கடைகளிலேயே கிடைக்கின்றன. விமானம் நெருங்கினால் ஓட்டுபவரின் திரையில் எச்சரிக்கை வரும். கேட்கலாமே தவிர, பதிலுக்குக் கூவக் கூடாது. எல்லாச் சிறு ட்ரோன்களும் அதே அலைவரிசையில் கூவினால் விமானங்களின் குரல் அமுங்கிப்போகும் என்று அமெரிக்கா பொதுவாக அதைத் தடுத்துவிட்டது. சந்தைக்கடை இரைச்சலில் விலை கேட்கும் நிலைமை வரக் கூடாதல்லவா? தன்னை அறிவிக்காமல் தாழப் பறக்கும் பாராகிளைடர் போன்றவை இச்செவிக்கும் எட்டா.

ஆறறிவின: மனம்

பிறிதொன்று வருவதை அறிந்து, ஒருவர் சொல்லாமல், தானே வழிவிடுவன. 2016 முதல் ருவாண்டாவில் ரத்தம் கொண்டுபோகும் ஜிப்லைன் நிறுவனம், தன் ட்ரோன்களுக்கு மைக்ரோஃபோன்கள் பொருத்தி, வரும் விமானத்தின் ஓசையைக் கேட்டு விலகும் முறையை உருவாக்கியது. அதைக் கொண்டு, கண்ணுக்கெட்டாத தொலைவிலும் பறக்க 2023-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இவ்வகையின் மக்கள்தொகை மிகக் குறைவு.

ஓர் ஐயம்

விமானத்துக்குள் மனிதரே இருக்கிறாரே, அது இயல்பாகவே ஆறறிவு உடையதன்றோ எனின், பிற விமானத்தின் முன் ஆம். ட்ரோனின் முன் அன்று. முப்பது சென்டிமீட்டர் பொருள் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மனிதக் கண்ணின் எல்லையைத் தொடும் வெறும் புள்ளி. விமானத்தின் மோதல் தடுப்புக் கருவியோ, தன்னை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி உள்ளவற்றை மட்டுமே காணும். 2017-இல் கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே ஒரு சிறு பயணிகள் விமானத்தில் ட்ரோன் மோதியது. விமானிகள் அதைக் கண்டது மோதலுக்குச் சற்று முன், விலக நேரமில்லை. நல்லவேளை, பத்திரமாக இறங்கினர். ஆக, ட்ரோனைப் பொறுத்தவரை விமானமும் இடித்த பிறகே அறியும் ஓரறிவு உயிர்தான்.

புறனடை

காணப்படாதன என்றொரு வகையும் உண்டு. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் கண்டதாக எழுந்த பேச்சால் ஏறத்தாழ 1,000 விமானச் சேவைகள் குலைந்தன. 1,40,000 பயணிகள் தவித்தனர். ட்ரோனும் சிக்கவில்லை, ஓட்டியவரும் சிக்கவில்லை. எடையும் அறிவும் தெரியாத இதை எந்த நூலாலும் வகுக்க இயலாது.

முடிபு

இன்று நம்மைக் காப்பது அறிவன்று, வேலி. இந்தியாவில் விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் சிவப்பு, அதாவது தடை. 8 வரை மஞ்சள், அனுமதி கேட்க வேண்டும். 12 வரை 200 அடிக்குள் பச்சை, அனுமதி வேண்டாம். அதற்கப்பால் தடையில்லா இடங்களில் 400 அடி வரை பச்சை. வயலில் மருந்தடிக்க இது போதும். ஊர்விட்டு ஊர் மருந்து கொண்டுபோகப் போதாது. அங்கே வேலி தாண்டியே ஆக வேண்டும். ஆளுள்ள விமானத்துக்கு ட்ரோன் வழிவிட வேண்டும் என்கிறது விதி. வருவதை அறியாதது எப்படி வழிவிடும்? ஆகவே வேலி தாண்டும் உரிமையை எடை பார்த்தன்று, அறிவு பார்த்தே தர வேண்டும் என்பது எம் துணிபு.

அதுவரை, ட்ரோன் வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயைப் பார்க்க ஒருவர் அனுப்பிய ட்ரோன், அவர் கண்ணைவிட்டு மறைந்து, தண்ணீர் ஊற்றி நெருப்பணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. தீ எரிய, விமானம் பழுதுபார்க்கப் போனது. உங்கள் ட்ரோனுக்கு இல்லாத ஆறாம் அறிவு நீங்கள்தான். இந்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நிறம் பார்த்துப் பறக்கவிடுங்கள், கண்பார்வைக்குள்ளேயே வைத்திருங்கள், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், படம் எவ்வளவு அழகாக வந்தாலும், உடனே இறக்கிவிடுங்கள்.