கடப்பாரை போதும், கணக்கு எதற்கு? மண்ணைச் சோதிக்க ஆறு சுலப வழிகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்கிவிட்டீர்களா? கடன் கிடைத்தாயிற்று, வாஸ்துவும் பார்த்தாயிற்று. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒன்றுதான் பாக்கி. இதோ, செலவில்லாத வழிகள்.

1. கத்திரி வெயிலில் சோதியுங்கள். செம்மண் சரளை அப்போது இறுகிக் கிடக்கும். மேஸ்திரி கடப்பாரையை ஓங்கிப் போட்டு, "பாறை சார்!" என்பார். நம்பிவிடுங்கள். மணல் துகள்களைப் பிடித்துவைத்திருப்பது இரும்பு ஆக்சைடும் களியும்தான், நனைந்தால் களி நெகிழ்ந்துவிடும் என்பதெல்லாம் ஐப்பசிக் கவலை.

2. பக்கத்து மனைக்காரரின் சாயில் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றுங்கள். அவர் மனை மேட்டில், உங்களுடையது ஏரி வாய்க்கால் ஓரத்தில். மண்ணுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவா போகிறது?

3. போர் போட ஆள் வந்தே விட்டால், சுத்தியல் அடிகளை எண்ணும் வேலையை அவரிடமே விடுங்கள். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ. குழாய் இறங்க எத்தனை அடி விழுந்ததோ அதுவே 'N' மதிப்பு. குழாய் முனையில் சரளைக்கல் ஒன்று சிக்கினால் எண்ணிக்கை எகிறும். கல்லுக்கு நன்றி சொல்லிவிட்டு, 'மிகக் கெட்டி' என்று எழுதச் சொல்லுங்கள்.

4. சாம்பிளை ஷேர் ஆட்டோவில் அனுப்புங்கள். குழாயில் எடுக்கும்போதே பாதி பிணைப்பு போயிருக்கும். மீதியைச் சாலைப் பள்ளங்கள் பார்த்துக்கொள்ளும். வலிமை குறைவு என்று வந்தால் லேப் சரியில்லை. அதிகம் என்று வந்தால் பிரேம் போட்டு மாட்டுங்கள்.

5. கம்ப்யூட்டரில் மோர்-கூலும் மாடலைப் போடுங்கள். ஒட்டுத்திறன் ஒன்று, உராய்வுக் கோணம் ஒன்று, இரண்டே எண்கள். நிஜ மண் கடலைமிட்டாய் ஜாதி: கொஞ்சம் அமுங்கும்வரை விறைப்பாக நிற்கும், பாகு விட்டதும் சட்டென்று வலுவிழக்கும். சுற்றிலும் அழுத்தம் மிகுந்தாலோ திடீர் உடைவு இருக்காது. பிணைப்பு நொறுங்கி, மண் மெல்ல மெல்லச் சுருங்கும். அந்த எளிய மாடலில் இந்தத் தொல்லையே இல்லை. உச்ச வலிமையைத் தொட்ட மண் கடைசிவரை அதே வலிமையோடு நிற்கும். அப்படிப்பட்ட மண் ஆவடியில் கிடைக்காது. திரையில் மட்டும் கிடைக்கும்.

6. நிலத்தடி நீர்மட்டத்தை மே மாத ஆழத்திலேயே எழுதுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் வெள்ளம் தேங்கியதை யாராவது நினைவூட்டினால் பேச்சை மாற்றுங்கள்.

இத்தனைக்கும் மனம் ஒப்பவில்லையா? அப்படியானால் உங்கள் மனையிலேயே போர் போட்டு, மண்ணை நனைத்தும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒட்டு விட்டுப்போன பிறகு மிஞ்சும் உராய்வை நம்பி அஸ்திவாரம் போடும் இன்ஜினியரைத் தேடுங்கள். கிடைத்தால், அவர் கேட்கும் ஃபீஸில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.