எச்டிஎம்ஐ வாத்தியார்

ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஜன்னலிலும் டிவி வெளிச்சம் ஆடும். எதிர்வீட்டில் மட்டும் டார்ச் வெளிச்சம். டிவிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள முக்கால் அடிச் சந்தில் ஒரு முதுகு தெரியும். அதுதான் எச்டிஎம்ஐ வாத்தியார். 'தாத்தா எங்கேடா?' என்று கேட்டால் பேரன் அந்த முதுகைத்தான் காட்டுவான்.

செஞ்சிக்காரர், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். பெயர் வேண்டாம், இப்படி ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவர் வீட்டில் டிவி பார்ப்பதற்கான எல்லாம் இருக்கும், டிவி மட்டும் பார்க்க முடியாது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் ஊரே கையில் அட்சதையோடு மேடையைப் பார்க்கும். அவர் மேடைக்கு அடியில் ஓடும் ஒயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இது நேற்று வந்த கோளாறு இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. செஞ்சிக்கு அது வந்து சேர்ந்தது ரொம்பப் பின்னால், அதுவும் புள்ளிமழையாக. எண்பதுகளில் மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் மாட்டி, மொட்டை மாடியில் நின்று திருப்பிக்கொண்டிருந்த வாலிபர்களில் இவரும் ஒருவர். மேலே இவர், கீழே கூடத்தில் தங்கச்சி.

"தெரியுதா?"

"இல்லண்ணா."

"இப்ப?"

"இல்ல... ஆங், தெரியுது, தெரியுது... போச்சு!"

வெள்ளிக்கிழமை தவறாமல் 'ஒளியும் ஒலியும்' தெருவே உட்கார்ந்து பார்த்தது. மாடியில் நின்ற இவர் ஒரு பாட்டையும் பார்த்ததில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. அந்த வயசிலேயே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது: படம் தெரிந்துவிட்டால் அவரைக் கூப்பிட ஆள் இருக்காது.

1993-ல் சன் டிவி வந்தது, கேபிள் வந்தது, கம்பத்தில் ஏற வேறொரு பையன் வந்தான். வாத்தியாருக்கு அது வனவாசம். பள்ளிக்கூடத்து லேபில் கால்வனாமீட்டரைத் தட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

மீட்டுக் கொடுத்தது அரசாங்கம். 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, அம்மா பேரிலிருந்த ரேஷன் கார்டுக்கு ஒரு 14 அங்குலப் பெட்டி கிடைத்தது. 2011-ல் ஆட்சி மாறியது. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி வந்தது. மகள் கல்லூரி முடித்துக் கல்யாணமாகிப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போனாள். திரை உடைந்திருந்தது, மூடியில் முதலமைச்சர் மட்டும் கீறலில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். திரை போனால் என்ன, மூளை இருக்கிறதே, அதை டிவியில் மாட்டினால் வீட்டுக்குள்ளேயே ஒரு தியேட்டர் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. அன்று அவர் செய்யப் பார்த்த காரியத்தின் பெருமை அவருக்கே தெரியாது. அறிவாலயம் கொடுத்த டிவியையும் ராயப்பேட்டை கொடுத்த லேப்டாப்பையும் ஒன்றரை மீட்டர் ஒயரில் சேர்த்து வைக்கப் பார்த்தார்.

கூட்டணி நிற்கவில்லை. லேப்டாப்பில் இருந்தது எச்டிஎம்ஐ. டிவிக்குத் தெரிந்ததோ மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிற ஏவி முனைகள். நடுவே சமரசம் பேச ஒரு சின்னக் கன்வெர்ட்டர் பெட்டி வந்தது. படமும் வந்தது, எழுத்துகள்தான் சர்க்கரையில் எறும்பு மொய்த்த மாதிரி. லேப்டாப் கொதித்தது. கிரைண்டர் மேல் தூக்கி வைத்து, இலவச மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டார். மிக்சி மட்டும்தான் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. அதை அவர் மனைவி சமையல்கட்டிலிருந்து வெளியே விடவில்லை.

அப்புறம் 43 அங்குல எல்இடி வாங்கினார். அது ஸ்மார்ட் டிவி. யூடியூபுக்கு ரிமோட்டிலேயே தனிப் பொத்தான். இத்தனையும் உள்ளேயே இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதான் டிவியிலயே எல்லாம் இருக்குதே, அப்புறம் இந்தப் பொட்டி எதுக்குங்க?" என்று மனைவி கேட்டார்.

"அது அவன் காட்டுறதைப் பார்க்கிறது. இது நாம நினைக்கிறதைப் பார்க்கிறது."

"நான் நினைக்கிறது எட்டு மணி சீரியல்."

வாத்தியார் பதில் சொல்லாமல் சென்னைக்குப் பஸ் ஏறினார். செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக ரிச்சி ஸ்ட்ரீட் போய்ச்சேர 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஏதோ கம்பெனி கழித்துக் கட்டிய குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, பிறந்த குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். திண்டிவனத்தில் கண்டக்டர் லக்கேஜ் கேட்டபோதுதான் கீழே வைத்தாராம்.

அதில் ஏற்றியது கோடி என்ற மென்பொருள். 2002 வாக்கில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க ஆசைப்பட்ட சிலர் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது. எக்ஸ்பிஎம்சி என்று வளர்ந்து 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. இலவசம், நல்ல சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயர் வைத்தவர்கள் ஒரு தமிழ்க் கிழவியைக் கேட்டிருக்கலாம்.

"அம்மா, கோடி போட்டுட்டேன்!" என்று வாத்தியார் கூடத்திலிருந்து கத்தினார்.

எண்பத்தேழு வயது அம்மா பதறி எழுந்து உட்கார்ந்தார். "யாருக்குடா?"

சாவு வீட்டுக்கு எடுத்துப்போகும் புதுத்துணியைத்தான் அந்த அம்மாவுக்குக் கோடி என்று தெரியும். அன்று முழுக்க அந்த வார்த்தையை வீட்டில் சொல்லக் கூடாதென்று தடை. வாத்தியார் மட்டும் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "நிஜமா கோடி போட்டது மைக்ரோசாப்டுக்காரனுக்குத்தான் சார். 2002-ல விண்டோஸ் மீடியா சென்டர்னு ஒண்ணு விட்டான். 2015-ல விண்டோஸ் 10 வந்தப்ப அதைத் தூக்கிட்டான். என்ன அருமையான சாமான்!" பங்காளி செத்ததைச் சொல்வதுபோல் குரல் தழுதழுத்தது.

அடுத்தது டிஷ். மாசக் கட்டணம் கட்டாமல் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேனல்களைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கொண்டுவர ஒரு ட்யூனர் வாங்கினார். மாடியில் தட்டை வைத்துத் திருப்பினார், நாற்பது வருஷத்துக்கு முன் திருப்பிய அதே ஆவேசத்தோடு. தங்கச்சி இருந்த இடத்தில் இப்போது பேரன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "மலை மறைக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊரில் எந்தக் குற்றத்தையும் கோட்டை மேல் போடலாம், அது திருப்பிப் பேசாது. ஆனால் கோட்டை மலையான ராஜகிரி ஊருக்கு மேற்கே நிற்கிறது. அந்தச் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், செஞ்சியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில். ராஜகிரி எழுந்து வந்து எதிரே நின்றால்கூட மறைப்பது கஷ்டம். இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவரே வாத்தியார்தான். அடுத்த தெருக்காரர் டிஷ் விஷயத்தில்.

சந்தேகம் வந்து யாராவது முகம் சுளித்தால் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைக் காட்டுவார். "மோட்டார் இல்லாத காலத்துல மண் குழாயிலயே மேல் மாடிக்குத் தண்ணி ஏத்தின ஊர் சார் இது. நான் இந்த ரூம்லருந்து அந்த ரூமுக்குப் படம் கொண்டு போக மாட்டேனா?"

கொண்டு போனார். வசனம் முன்னே போனது, உதடு பின்னே வந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கூத்தாடி பாடி முடித்த பிறகு பின்பாட்டுக்காரர் எடுப்பாரே, அந்த மாதிரி. சில படங்களில் குரல் ஓட, முகம் அப்படியே உறைந்து நின்றது. புதுக் கோப்புகளெல்லாம் எச்265 முறையில் சுருட்டப்பட்டவை, அதை அவிழ்க்கும் தனிச் சில்லு பழைய கம்ப்யூட்டரில் கிடையாது, அதனால் மொத்த வேலையும் பிராசசர் தலையில் விழுகிறது என்று விளக்கினார். அருமையான விளக்கம். அது முடியும்போது சீரியலும் முடிந்திருந்தது.

அந்த வீட்டில் ரிமோட்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்குக் கையை ஆட்டினால் அம்புக்குறி ஆடும் ஒன்று. ஐந்தாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது. தூக்கிப்போடத் தைரியமும் இல்லை. அம்மாவுக்குத் தனியாக ஒயரில்லாத கீபோர்டு. பாட்டியம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஆர்மோனியக் கச்சேரி ஆரம்பிக்கப்போகிறது என்று தோன்றும்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டு முறையில், வாத்தியார் கையெழுத்தில். நோக்கம்: தொலைக்காட்சி காணுதல். தேவையான பொருட்கள்: மேற்படி ரிமோட்டுகள் நான்கு. செய்முறை: பதினோரு படிகள், ஏழாவது படியில் 'படம் வராவிடில் மூன்றாம் படிக்குச் செல்க'. கடைசியில் 'முடிவு' என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறார்.

முழுப்படம் எதையும் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. சோதனைக்கு என்றே ஒரு படம் வைத்திருக்கிறார்: 1960-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'ராஜா தேசிங்கு'. நம்மூர் ராஜா படம் என்ற அபிமானம். ஒயர் மாற்றினாலும், பிளேயர் மாற்றினாலும் அதில் முதல் மூன்று நிமிஷம். பிறகு "ஓகே" என்று அணைத்துவிடுவார். ஆற்காட்டு நவாப்போடு சண்டையிட்டு 1714-ல் தேசிங்கு செத்துப்போன சேதி செஞ்சியில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்தில் அவர் பிறந்தாரா என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. போதாததற்கு, போஸ்டரைத் தானாகத் தேடி ஒட்டும் மென்பொருள் 2013-ல் விமல் நடித்த 'தேசிங்கு ராஜா'வின் போஸ்டரை எம்.ஜி.ஆர். படத்துக்கு ஒட்டிவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

போன வருஷம், 2025 ஜூலை 11. வெள்ளிக்கிழமை, சந்தை நாள். மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று எங்கள் செஞ்சி. ராத்திரி எல்லாச் சேனலிலும் எங்கள் மலை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்கூட ஆட்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார்கள்.

எதிர்வீட்டில் மட்டும் 43 அங்குலத் திரையில் நீலப் பின்னணியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள், 37 சதவீதம். டிவி ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் கேபிளுக்குப் போயிருக்கலாம். ஆனால் கேபிளும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்று போன வாரம்தான் ஒயரை மாற்றியிருந்தார்.

முதலில் பேரன் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். பின்னாலேயே மருமகள். அடுத்து அவர் மனைவி, "அக்கா, நியூஸ் போடுங்க" என்றபடி. கடைசியில் கைத்தடியோடு அம்மா. எங்கள் வீட்டில் இன்னும் அந்த 14 அங்குல இலவச டிவிதான். அரசு கேபிள் பெட்டி, ஒரே ரிமோட், அதற்கும் பின்மூடி இல்லாமல் ரப்பர் பேண்ட். திரையில் ராஜகிரி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

1690-ல் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் எங்கள் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். ஏழு வருஷத்துக்கு மேல் சுல்பிகர்கான் வெளியே காத்துக் கிடந்து, 1698-ல் ஒருவழியாக உள்ளே புகுந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். பத்து மணி வாக்கில் எதிர்வீட்டிலிருந்து "வந்துடுச்சு! எல்லாரும் வாங்க!" என்ற வெற்றி முழக்கம் கேட்டதும் எனக்கு அந்த சுல்பிகர்கான் ஞாபகம்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டார்ச்சோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். யாரையும் கோபிக்கவில்லை. செய்தியையும் பார்க்கவில்லை. எங்கள் டிவியைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்தார்.

"சார், இதுல ஏவி போர்ட் ஒண்ணு சும்மா கிடக்குது போலிருக்கே?"

கோட்டை பார்க்க இப்போது நிறையப் பேர் செஞ்சிக்கு வருகிறீர்கள். தாராளமாக வாருங்கள். பையில் எச்டிஎம்ஐ கேபிள் இருந்தால் மட்டும் அதை வெளியே தெரியாமல் அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.