மாரநாதா, ராமநாதா

எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் தெருமுனை வரை கேட்க வேண்டும். அம்மா தினமும் ஜெபமாலை சொல்லிச் சொல்லி, அருள்நிறை மந்திரம் பக்கத்து வீட்டு மாமிக்கே பாதி மனப்பாடம். அப்படிப்பட்ட வீட்டில் நான் மௌன ஜெபத்தில் இறங்கினேன்.

"வாயைத் தொறக்காம ஜெபமா? சாமிக்கு எப்படிடா கேக்கும்?" என்றாள் அம்மா.

ஜான் மெயின் என்ற பெனடிக்டின் துறவி சொல்லிவைத்த முறை இது. காலையும் மாலையும் குறைந்தது 20 நிமிடம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, 'மாரநாதா' என்ற அரமேயச் சொல்லை நான்கு அசையாக, ஒரே சீராக மனசுக்குள் சொல்ல வேண்டும். 'ஆண்டவரே வாரும்' என்று பொருள். ஆனால் பொருளைக்கூட யோசிக்கக் கூடாதாம். 1950களில் மலேயாவில் பிரிட்டிஷ் அரசு வேலையில் இருந்தபோது, கோலாலம்பூரில் ஓர் இந்துத் துறவியிடம்தான் அவர் மந்திரம் சொல்லித் தியானிக்கக் கற்றார். நம் பக்கத்துச் சரக்குதான். சுற்றிக்கொண்டு வந்ததால் புதுசாகத் தெரிகிறது.

முதல் நாள், விடிகாலை 5 மணி. பாய், போனில் டைமர். மா-ர-நா-தா, மா-ர-நா-தா. பத்துத் தடவை சொல்லியிருப்பேன். வண்டி தண்டவாளம் மாறி 'ராமநாதா, ராமநாதா' என்று ஓடிக்கொண்டிருந்தது. 'மரா மரா' வால்மீகிக்கு ராமனைக் கொடுத்தது. 'மாரநாதா' எனக்கு ராமநாதபுரத்தைக் கொடுத்தது. ராமநாதபுரம் என்றால் முண்டு மிளகாய். மிளகாய் என்றால் மொட்டைமாடியில் காயப்போட்டது. நேற்றுச் சாயங்காலம் அதை யார் எடுத்தார்கள்? நான் எடுப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். வானம் வேறு உறுமியது.

ஒற்றைக் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

வேறு நினைப்பு வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் மெல்லச் சொல்லுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பினேன். மிளகாயும் கூடவே திரும்பியது.

16ஆம் நூற்றாண்டுத் துறவி அவிலா தெரேசாவிடம் ஜெபம் கற்ற கத்தோலிக்கர்கள் ஏராளம். அவரே, சில வருஷங்கள் ஜெபத்தைவிட மணி எப்போது அடிக்கும் என்பதிலேயே கவனமாக இருந்ததாகத் தன் சரித்திரத்தில் ஒப்புக்கொள்கிறார். பாவம், அவருக்குப் போனும் இல்லை.

போன வாரம் அம்மா தானாகவே வந்து பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். முட்டி மடங்காது. "அப்படி என்னதான் இருக்குன்னு பாக்குறேன்."

இரண்டாவது நிமிடம் குறட்டை. நான் அந்தத் தாளத்துக்கே மா-ர-நா-தா சொன்னேன். அன்றைக்கு ராமநாதபுரம் பக்கமே போகவில்லை. டைமர் அடித்ததும் அம்மா முந்தானையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு நல்லாவே வந்துச்சுடா. ஒனக்கு?"