ஓரமாப் போறவளை ஓரங்கட்டிருவான்

ஏளா, இங்கன வா. சைக்கிளைச் சுவத்துல சாத்தி வச்சிட்டு உக்காரு. இந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து உங்கம்மை காலையும் சாயங்காலமும் ‘ஓரமாப் போ, ஓரமாப் போ’ன்னு ஓதிக்கிட்டே கெடக்கா. பெத்தவ சொல்லுதத மறுக்கப்படாது. ஆனா நான் அவளைப் பெத்தவன்லா, எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல.

ஓரம்னா எதுட்டி? டவுன் ரதவீதியில ஓரம்னு ஒண்ணு இருக்கா? மொதல்ல கடைக்காரன் தட்டி போர்டு. அதுக்கு அடுத்தாப்ல மோட்டார் பைக் வரிசை. அதுக்கு அடுத்து கார். அந்தக் காருக்கும் ஓடுத காருக்கும் நடுவுல ரெண்டு சாண் இடம் கெடக்கும் பாரு, அதைத்தான் உங்கம்மை ஓரம்ங்கா. அந்த ரெண்டு சாணுக்குள்ள சைக்கிளை விட்டுட்டு, ‘நாம யாருக்கும் எடைஞ்சல் பண்ணலை’ன்னு நெனச்சிக்கிட்டுப் போற பிள்ளைகளத்தான் கார்க்காரனுக்கு ரொம்பப் பிடிக்கும். உரசிக்கிட்டே போவான். நீயா ஒதுங்குனா, ‘இன்னும் கொஞ்சம் ஒதுங்குவா’ன்னுதான் அவன் கணக்குப் போடுவான்.

இந்தத் தெரு யாருக்குப் போட்ட தெருன்னு நெனைச்ச? ஆனி மாசம் நெல்லையப்பர் தேர் வாரதுக்குன்னு போட்டது. வீடு உசரத்துக்கு மேல நிக்குத தேரு, வடம் பிடிக்க ஆயிரக்கணக்குல சனம், அத்தனையும் நாலு ரதவீதியிலயும் சுத்தி நிலைக்கு வருது. ஐநூறு வருசத்துக்கு மேலா வருதும்பாவ. தேரு போன தெருவுல ஒரு சைக்கிள் போக இடமில்லன்னா தெரு சின்னதாப் போச்சா, இல்ல அதை அடைச்சிக்கிட்டு நிக்கவனுக்குப் பவிசு கூடிப்போச்சா? தேரோட்டத்தன்னைக்குப் பாரு, ஒரு காரு அங்க நிக்காது. வருசத்துல ஒரு நாள் சாமிக்கு இடம் விடுதான். மத்த நாள் அவன்தான் சாமி.

சரி, சாமியைத் திருத்த முடியாது. நாம பொழைக்கிற வழியைப் பாப்போம். நிக்குத காருக்கும் உன் ஹேண்டில்பார் நுனிக்கும் நடுவுல ஒரு மீட்டர் விட்டு ஓட்டு. எதுக்கு ஒரு மீட்டர்? கார்க் கதவு முழுசாத் திறந்தா ஏறக்குறைய அவ்வளவு வெளிய வரும். அதுக்குள்ள நீ போனேன்னு வையி, கதவு திறக்கவனுக்கு ஒண்ணும் ஆகாது. ‘பாக்கலம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவான். அந்த வார்த்தையைக் கேக்கதுக்கு நீ பெரியாஸ்பத்திரி வரைக்கும் போகணுமா?

சாயங்காலம் கீழரதவீதிப் பக்கம் வந்தா இன்னும் சூதானம் வேணும். கோயிலுக்கு எதுத்தாப்ல அல்வாக்குக் கூட்டம் நிக்கும். வெளியூர்க் கார் வந்து நிக்குததுக்கு முந்தியே நாலு கதவும் திறந்துரும். அவனுக்கு அல்வா தீந்து போயிருமேங்கிற வேகம். நீ காரைப் பாக்காத, காருக்குள்ள தலை தெரியுதான்னு பாரு. பின்னால சிவப்பு வெளக்கு இப்பத்தான் அணைஞ்சுதா, சக்கரம் இப்பத்தான் நின்னுதா, அப்பக் கதவு திறக்கப் போகுதுன்னு அர்த்தம். ஆட்டோ நிக்குதுன்னா அதுக்கு இடதுபக்கமா நுழைஞ்சு போலாம்னு நெனைக்காத. ஆளு எறங்குதது அந்தப் பக்கந்தான்.

இங்கிலாந்துல 2022ல சாலை விதிப் புத்தகத்துலயே ஒண்ணு சேத்துட்டானுவ. கார்ல இருக்கவன் கதவுக்குத் தூரத்துல இருக்க கையால கதவைத் திறக்கணும். நம்மூர்க் கணக்கும் அதேதான், ஓட்டுதவர் வலதுபக்கம் உக்காருதாரு, அப்ப இடது கையால திறக்கணும். இடது கையை வலதுபக்கம் கொண்டுவந்தா ஒடம்பு தானாத் திரும்பும், தலை பின்னால பாக்கும், வாரவ கண்ணுல படுவா. இதை நான் சொன்னேன்னு ஒங்க ஆச்சிகிட்ட சொல்லிராத. இடது கையால ஒரு நல்ல காரியமும் பண்ணக் கூடாதும்பா. ஊருல ஒருத்தன் உசுரு காப்பாத்துத காரியம்னா மட்டும் விட்டுக்குடுப்பாளான்னு கேட்டுப் பாக்கணும்.

ஆச்சியோட இன்னொரு உபதேசமும் ரோட்டுல செல்லாது. ‘ஆம்பிளை மொகத்தை நிமுந்து பாக்காத’ம்பா. பாருட்டி! நல்லா மொகத்தப் பாரு. முக்குல திரும்புததுக்கு முந்தி பின்னால திரும்பி அவன் கண்ணப் பாரு, அவன் உன் கண்ணப் பாக்கானான்னு பாரு. பாத்துட்டான்னா கையை நீட்டு, பைய உள்ள வா. செல்போனைப் பாத்துக்கிட்டு வாரான்னா நின்னுக்கோ. மொகம் தெரியாத வண்டிகிட்ட எந்த ஒப்பந்தமும் வச்சிக்கப்படாது.

ஹாரன் சத்தத்துக்கு அரண்டு போயி சாக்கடை மூடி மேல ஏத்துதியாமே, உங்கம்மை சொன்னா. கூறுகெட்டவளே, ஹாரன் அடிக்கவன் உன்னைப் பாத்துட்டான்லா! பாத்ததனாலதான் அடிக்கான். பயப்பட வேண்டியது சத்தமில்லாம வாரவனுக்கு. அடிச்சா அடிச்சிட்டுப் போறான், நேரா ஓட்டு. நிக்குத ரெண்டு காருக்கு நடுவுல இடம் கெடக்குன்னு உள்ள போயி, மறுபடி வெளிய வந்து, பாம்பாட்டம் போடாத. நீ உள்ள போனதும் பின்னால வாரவன் உன்னை மறந்துருவான். வெளிய வரும்போது புது ஆளுன்னு நெனைப்பான். தெரு அகலமாகி, பின்னால நாலு வண்டி காத்துக் கெடந்தா, ஒதுங்கி வழி விட்டுரு. தெருவை நாம ஒண்ணும் எழுதி வாங்கலை.

பஸ்ஸு வேற சாதி. தேரு வாகையடி முக்குல திரும்புததப் பாத்திருக்கல்லா? சறுக்குக்கட்டை போடுதவங்க என்ன பாடு படுதாவ! முக்கோட உள்பக்கத்துல ஒரு ஈ காக்கா நிக்க விடுவாவளா? தேரு சக்கரம் எங்க வந்து விழும்னு எல்லாத்துக்கும் தெரியும். அதே முக்குல பஸ்ஸு இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு சந்து கெடைச்சுதுன்னு சைக்கிளை உள்ள விடுதாவ. நீளமான வண்டி திரும்பும்போது முன்சக்கரம் ஒரு வழி போவும், பின்சக்கரம் அதைவிட முக்கை ஒட்டி வரும். நீ நிக்குத இடத்தை அந்தப் பின்சக்கரம் கேக்கும். டிரைவர் கண்ணாடியில அவர் மொகம் உனக்குத் தெரியலைன்னா அவருக்கு நீ தெரியலைன்னு வச்சுக்கோ. பஸ்ஸுக்குப் பின்னால நின்னு அது திரும்பட்டும்னு விட்டுரு. பொகை வரும்தான். பொகையில யாரும் அங்கனயே சாகலை.

பாளைக்குப் பள்ளிக்கூடம் போறவளாச்சே, ஈரடுக்குப் பாலத்தைச் சொல்லாம விடலாமா? அதுக்கு முந்தி ஒரு கதை கேளு. ஹாலந்துன்னு ஒரு தேசம் இருக்கு. 1971ல அங்க ரோட்டுல செத்தவங்க மூவாயிரத்துக்கு மேல, அதுல பிள்ளைக மட்டும் நானூறுக்கு மேல. மகளைப் பறிகுடுத்த ஒரு பத்திரிகைக்காரர் மறுவருசம் ‘பிள்ளைக் கொலையை நிறுத்துங்க’ன்னு எழுதுனாரு. பெத்தவங்க பூராம் தெருவுக்கு வந்துட்டாவ. அதுக்கப்புறந்தான் அங்க சைக்கிளுக்குத் தனிப்பாதை பெருகுச்சு. இப்ப உலகம் பூராம் போய்ப் பாத்துட்டு வந்து ஆகா ஓகோங்குது. ஏளா, நம்ம ஜங்ஷன்ல ரயில் தண்டவாளத்துக்கு மேல 1973லயே ரெண்டு தட்டுப் பாலம் திறந்தாச்சு. மேல பஸ்ஸு லாரி, கீழ சைக்கிள் மாதிரிச் சின்ன வண்டி. திருவள்ளுவர் பேரு வேற வச்சிருக்கு. ஹாலந்துக்காரன் கொடி பிடிச்சிக்கிட்டு இருந்தப்ப திருநெல்வேலிக்காரன் காங்கிரீட்டு போட்டு முடிச்சிட்டான்! அதுக்கப்புறம் என்ன செஞ்சோம்? ஒண்ணும் செய்யலை. அவனுக்கு அது ஆரம்பம், நமக்கு அது முடிவு. பாலத்துல பிரிச்ச வண்டியை ரெண்டு பக்கமும் எறங்குன உடனே ஒண்ணாக் கலந்து விட்டாச்சு. கீழ்த்தட்டுலயும் இப்ப மோட்டார் பைக்குதான் ராசா.

நீ கீழ்த்தட்டுலயே போ. எறங்கி வெளிய வாரப்பதான் கூத்து. வெயில்ல இருந்து நெழலுக்குள்ள போகும்போதும் நெழல்ல இருந்து வெயிலுக்கு வரும்போதும் கண்ணு ஒரு கணம் ஏமாத்தும், எதுத்தாப்ல வாரவனுக்கும் அப்படித்தான். அந்த இடத்துல மிதிக்கிறத நிறுத்திரு.

சுலோசன முதலியார் பாலத்துல விசயம் வேற. அது 1843ல திறந்தது. ஆத்தைத் தாண்ட சனம் பட்ட பாட்டைப் பாத்துட்டுச் சொந்தக் காசைப் போட்டுக் கட்டுனாரு அந்த மகராசன். அப்ப மாட்டுவண்டி போச்சு. இப்ப என்ன போகுதுன்னு நீயே தினம் பாக்க. அங்க நீ கவனிக்க வேண்டியது காத்து. ஆனி ஆடியில செங்கோட்டைப் பக்கம் இருந்து வாரக் காத்து இருக்கே, பாளைக்குப் போகும்போது முதுகுல கை வச்சுத் தள்ளும். வேகம் போறதே தெரியாது, பிரேக் பிடிக்கையிலதான் தெரியும். திரும்பி வரும்போது மூஞ்சியில அறையும். அந்நேரம் ஒரு பஸ்ஸு உன்னைத் தாண்டுச்சுன்னா, தாண்டுத மட்டும் காத்து நிக்கும், தாண்டுனதும் பொளேர்னு வந்து விழும். தலையைக் குனிஞ்சு சாஞ்சு மிதிச்சவ அந்த எடத்துல ஆடிப்போவா. பஸ்ஸு சத்தம் கேட்டதும் கைப்பிடியை இறுக்கி நேரா உக்காரு. ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு எறங்கி நின்னு பாரு, ஓட்டிக்கிட்டே பாக்காத.

எங்க காலத்துல போலீசுக்குச் சைக்கிள் மேலதான் கண்ணு. லைட் இல்லைன்னா பிடிப்பாவ, டபுள்ஸ் போனாப் பிடிப்பாவ, லைசன்ஸ் வில்லை இல்லைன்னாலும் பிடிப்பாவ. டைனமோவைச் சக்கரத்துல சாத்துனா மிதிக்கதே பாரமாயிரும், அதனால போலீஸைக் கண்டா மட்டும் சாத்துதவன்தான் ஊருல முக்காவாசி. இப்பச் சைக்கிளை யாரும் பிடிக்கிறதில்ல. லைட் போடாதவளை லாரிதான் பிடிக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர்ல வாரவன் ஒரு நொடியில 11 மீட்டர் வந்துருவான். அவன் உன்னைப் பாத்து, ‘அட, சைக்கிளு’ன்னு நெனைக்கவே ஒரு நொடி ஓடிரும். பின்னால சிவப்பு வெளக்கு ஒண்ணு வாங்கி மாட்டு. டியூசன் விட்டு வரும்போது கருப்புச் சுடிதார்தான் வேணும்னு நிக்காத. ஷாலை ரெண்டு பக்கமும் பின் குத்து. அது பறந்துபோயிச் சங்கிலியில சிக்குனா, காரே இல்லாத தெருவுலயும் விழுவ.

இவ்வளவு பயங்காட்டுதேன்னு சைக்கிளை விட்டுராத. 1991ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல பொம்பளைகளுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டாவ. ஷீலா ராணி சுங்கத்துன்னு ஒரு கலெக்டரம்மா, அவுக ஒரு பொம்பளை, விடுவாவளா? லட்சத்துக்கு மேல பொம்பளைக ஓட்டக் கத்துக்கிட்டாவ. கல்லுடைக்கப் போனவ, வயக்காட்டுக்குப் போனவ, பிள்ளையை முன்னால வச்சு, கொடத்தைப் பின்னால கட்டிப் போனா. ஆம்பிளைக கேலி பண்ணுனதுக்குப் பெல் அடிச்சிட்டுப் போயிட்டா. உனக்கு இந்தச் சைக்கிளைச் சர்க்கார் இலவசமாக் குடுத்தாவ, அந்தத் திட்டம் 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்குன்னு ஆரம்பிச்சது, பிறகு பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம்னு ஆயிருச்சு. சைக்கிள் குடுத்த சர்க்கார் அது ஓட ஒரு முழம் ரோடும் சேத்துக் குடுத்திருக்கலாம். கேட்டா, ‘ரோடு இலவசத் திட்டத்துல வராது’ம்பாவ.

பிரேக் கட்டை தேஞ்சு கெடக்கு, இன்னைக்கே மாத்து. உங்கப்பா கார் வாங்கப் போறாவளாமே? நிறுத்த எடம் எங்கன்னு கேட்டேன். ‘தெருவுல நிக்கட்டும் மாமா’ங்காவ. எந்தத் தெருவுலன்னு நான் கேக்கலை. மாமனார் கேட்டு மாப்பிள்ளை பதில் சொன்னதா எங்கயாவது உண்டா? வண்டி வந்ததும் அந்த இடது கைப் பாடத்தை நீயே அவுகளுக்கு நடத்திரு. நான் சொல்லிக்குடுத்தேன்னு மட்டும் சொல்லிராத.